சனிக்கிழமைக்கு மட்டும் அனுமதி

என்னிடம் ஒரு டிரோன் இருக்கிறது என்று சொன்னால் போர்ட் பிளேர் அபர்டீன் பஜாரில் யாரும் வாயைப் பிளப்பதில்லை. சிரிக்கிறார்கள். எங்கள் பாத்திரக் கடைக்கு எதிரில் செருப்புக் கடை வைத்திருப்பவர் அதற்குக் 'கோழி' என்று பெயர் வைத்துவிட்டார். இறக்கை உண்டு, பறப்பதில்லை, வேளாவேளைக்குத் தீனி மட்டும் போட வேண்டும் என்பது அவருடைய விளக்கம். தீனி என்று அவர் சொல்வது நான் பேட்டரிக்குச் சார்ஜ் போடுவதை. காலையில் ஷட்டரைத் தூக்கும்போதே ஆரம்பித்துவிடுவார். "என்ன பாய், கோழி முட்ட போட்டுச்சா?"

மூன்று வருடத்துக்கு முன் சரக்கெடுக்கச் சென்னைக்குப் போனவன், பாத்திரத்தோடு பாத்திரமாக அதையும் வாங்கி வந்தேன். ஐம்பது வயதில் இப்படியொரு ஆசை எதற்கு என்று மனைவி கேட்டாள். தீவிலேயே பிறந்து வளர்ந்தவன், நான்கு பக்கமும் கடல் என்று பள்ளிக்கூடத்தில் படித்ததோடு சரி, நான்கு பக்கத்தையும் ஒரே நேரத்தில் பார்த்ததில்லை என்றேன். நல்ல பதில்தான். ஆனால் உண்மைக் காரணம் வேறு. கடைக்காரர் அதைக் கிளப்பிக் காட்டியபோது அது என் முகத்துக்கு நேரே வந்து நின்று லேசாகத் தலையாட்டியது. அவ்வளவுதான், கவிழ்ந்துவிட்டேன்.

ஊர் திரும்பிய மறுநாளே அதை டெய்ரி ஃபார்ம் பேட்டையில் இருக்கும் எங்கள் வீட்டு மொட்டைமாடிக்குக் கொண்டுபோனேன். போனில் வரைபடம் முழுக்கச் சிவப்பாக இருந்தது. சிவப்பு என்றால் பேட்டரி குறைவு என்று நினைத்துக்கொண்டு பொத்தானை அழுத்தினேன். அசையவில்லை. மறுபடி அழுத்தினேன். ஓட்டை மிஷினை என் தலையில் கட்டிவிட்டான் என்று சென்னைக்காரனைத் திட்டிக்கொண்டிருந்தபோது, மெயின்லேண்ட் விமானம் ஒன்று இறங்குவதற்கு வந்தது. தினம் பார்க்கிற விமானம்தான். ஆனால் கையில் ரிமோட்டோடு நிமிர்ந்து பார்த்தபோதுதான் அது எவ்வளவு தாழ வருகிறது என்று உறைத்தது. உள்ளே அத்தனை பேர் மடியில் பலகாரப் பையோடு உட்கார்ந்திருக்கிறார்கள். கீழே ஒரு பாத்திரக் கடைக்காரன் விடாமல் பொத்தானை அழுத்திக்கொண்டிருக்கிறான். அன்றோடு திருந்தினேன். பிறவியிலேயே நல்லவனாக இருப்பவனைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம், நடுவில் திருந்தியவனோடு குடும்பம் நடத்த முடியாது என்பது என் மனைவியின் கருத்து.

விதிகளை உட்கார்ந்து படித்தேன். விமான நிலையத்தைச் சுற்றிக் கூடாது, கடற்படை இடங்கள் பக்கம் கூடாது. பழங்குடியினர் பகுதிப் பக்கம் தலைவைத்தும் படுக்கக் கூடாது. மனிதர்களின் தலைக்கு மேல் கூடாது, இருட்டில் கூடாது, கண்ணுக்குத் தெரியாத தூரம் கூடாது. இதற்கெல்லாம் வெளியே ஏதாவது இடம் மிச்சமிருந்தால், அதற்கு எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். வாங்கினேன். பதிவு எண்ணை ஒட்டினேன். விண்ணப்பத்தில் நான் கையெழுத்துப் போடுவதைப் பார்த்த என் மனைவி, "நிக்காஹ் அன்னிக்குகூட நீங்க இவ்ளோ பயபக்தியா போடலையே" என்றாள். பஜாரில் மூன்று கல்யாணக்காரர்கள் ஊர்வலத்தைப் படமெடுக்கக் கூப்பிட்டார்கள், மூன்று பேருக்கும் மாட்டேன் என்றேன். ஒருவர் பிரியாணிக்கே கூப்பிடவில்லை. வருடத்துக்கு இரண்டு தடவையோ மூன்று தடவையோ எங்காவது அனுமதி கிடைக்கும், போய்ப் பறக்கவிட்டுவிட்டு, பெரிய காரியம் செய்தவன்போலத் திரும்பி வருவேன். அது எனக்குப் போதுமாக இருந்தது.

போன மே மாதக் கடைசியில்தான் அது போதாமல் போனது.

என் லாத்தா லாங் ஐலண்டில் இருக்கிறாள். அக்காவை நாங்கள் லாத்தா என்றுதான் கூப்பிடுவோம். என்னைவிட எட்டு வயது மூத்தவள். கல்யாணமாகி அந்தச் சின்னத் தீவுக்குப் போனவள், அங்கேயே மளிகைக் கடை நடத்தி, மகனைப் படிக்கவைத்துச் சென்னைக்கு அனுப்பினாள். மச்சான் மௌத்தாகி இரண்டு வருடமாகிறது. தனியாக இருக்க வேண்டாம், வந்துவிடுங்கள் என்று மகன் நச்சரித்து, கடைசியில் சரி என்றுவிட்டாள். செவ்வாய்க்கிழமை போட்டில் போர்ட் பிளேர் வருவது, வியாழக்கிழமை மெயின்லேண்ட் கப்பல் ஏறுவது. டிக்கெட் கைக்கு வந்துவிட்டது. ஒரேயடியாகப் போகிறாள்.

போவதற்கு முன் அவளுக்கு ஒன்று தெரிய வேண்டியிருந்தது. எட்டு வருடத்துக்கு முன்பு ஒரு புயலில் ஜெட்டிக்குப் பக்கத்துக் கரை அரித்துக்கொண்டு போனபோது, லாத்தா பத்துப் பன்னிரண்டு பெண்களைச் சேர்த்துக்கொண்டு இடுப்பளவுச் சேற்றில் இறங்கி மேங்ரோவ் நட்டாள், அலையாத்தி மரம். முருங்கைக்காய்போல நீளமாக இருக்கும் அந்த விதை. கொண்டுபோய்ச் செருக வேண்டியதுதான், ஆனால் சேற்றில் புதைந்த காலை வெளியே எடுக்க அரை மணி நேரம் ஆகும். மூன்று மழைக்காலம் நட்டார்கள். பிறகு அங்கே கடல் உள்ளே புகும் ஓடையில் முதலை நடமாட்டம் என்று பலகை வைத்துவிட்டார்கள், யாரும் உள்ளே போக முடியவில்லை. ஜெட்டியில் நின்று பார்த்தால் செத்த குச்சிகள்தான் தெரிந்தன. அத்தனையும் பட்டுப்போய்விட்டது என்று ஊரே சொன்னது. லாத்தாவும் சொன்னாள். சிரித்துக்கொண்டே சொல்வாள், ஆனால் ஜெட்டிக்கு வரும்போது அந்தப் பக்கம் திரும்பமாட்டாள்.

"உன் கோழியைக் கொண்டாடா தம்பி" என்று போனில் சொன்னாள். "ஒரே ஒரு தடவ மேலருந்து பாத்துட்டுப் போயிடுறேன். செத்துருந்தா செத்துருக்கட்டும். என் கண்ணால பாக்கணும்."

விண்ணப்பம் போட்டேன். அலுவலகத்தில் இருக்கும் எழுத்தருக்கு என்னைப் பார்த்தாலே சிரிப்பு வரும். "ஆ கயே ட்ரோன்வாலே பாய்!" என்று வரவேற்பார். எந்தத் தேதி என்று கேட்டார். வெள்ளிக்கிழமை போட், சனிக்கிழமை காலை பறக்கவிடலாம் என்று கணக்குப்போட்டுச் சனிக்கிழமை எட்டு முதல் பதினொன்று என்று எழுதிக் கொடுத்தேன். அனுமதியும் வந்துவிட்டது.

நான் செய்த முட்டாள்தனம் உங்களுக்குப் புரியாது. தீவுக்காரர்களுக்கு உடனே புரியும். எங்கள் வீட்டில் கல்யாணத் தேதியைக்கூடத் தனியாகச் சொல்லமாட்டோம். "இன்ஷா அல்லாஹ், கப்பல் ஓடினா" என்று சேர்த்துத்தான் சொல்வோம். பக்கத்து வங்காளி வீட்டிலும், மேல்வீட்டுத் தெலுங்குக்காரர் வீட்டிலும் அவரவர் சாமி பெயரோடு கப்பலும் வரும். பல் பிடுங்கக்கூட இரண்டு தேதி வாங்கி வைத்துக்கொள்கிற ஊர் இது. அந்த ஊரில் ஐம்பது வருடம் இருந்தவன் ஒரே ஒரு தேதியை எழுதிக் கொடுத்துவிட்டு வந்திருக்கிறேன்.

வெள்ளிக்கிழமை துறைமுகத்தில் எச்சரிக்கைக் கூண்டு ஏறியது. போட் ரத்து. ரங்கத் வரை சாலையில் போய்ச் சின்ன போட் பிடிக்கலாம் என்று பார்த்தால் அதுவும் நிறுத்தம். சனிக்கிழமை முழுக்க வீட்டில் உட்கார்ந்து மழையைப் பார்த்தேன். ஞாயிற்றுக்கிழமை கடல் அடங்கி ஒரு விசேஷ போட் விட்டார்கள். பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு லாங் ஐலண்ட் ஜெட்டியில் இறங்கியபோது வானம் துடைத்துவிட்டதுபோல இருந்தது. காற்றே இல்லை. லாத்தா ஜெட்டியிலேயே காத்திருந்தாள்.

"எடு" என்றாள்.

"லாத்தா, அனுமதி நேத்தோட முடிஞ்சிருச்சு."

அவள் சிரித்தாள். நான் விளையாடுகிறேன் என்று நினைத்துவிட்டாள். பக்கத்தில் டீக்கடை வைத்திருக்கும் வங்காளிக்காரரும் எட்டிப் பார்த்துச் சிரித்தார். "அரே பாய், கோன் தேக்தா ஹை? உடா தோ!" யார் பார்க்கப்போகிறார்கள், பறக்கவிடுங்கள் என்கிறார். உண்மைதான், யாரும் பார்க்கப்போவதில்லை. இங்கே விமானம் இல்லை, கடற்படை இல்லை. வரைபடத்தில் சிவப்பும் இல்லை. கையிலிருக்கும் கடிதத்தில் இருக்கும் தேதி ஒன்றுதான் தடை. பெட்டியின் கொக்கியில் விரலை வைத்துக்கொண்டு நின்றேன் என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆனால் யாரும் பார்க்கவில்லை என்று இன்று ஒரு நாள் எடுத்தால், நாளைக்கு மொட்டைமாடியில் எடுக்கமாட்டேன் என்று எனக்கே உத்தரவாதம் கிடையாது. என்னை எனக்குத் தெரியும்.

"நாளைக்குக் காலைல ஆபீஸ் தொறந்ததும் பேசுறேன் லாத்தா. புதுத் தேதி வாங்கிடலாம்."

"நாளன்னைக்கு என் போட்டுடா. அத விட்டா வெள்ளிக்கிழமதான், கப்பல் போயிரும்."

"தெரியும்."

"தெரிஞ்சுமா?" என்றாள். மத்தியானம் எனக்குத் தட்டில் சோறும் ரசமும் வந்தது. சூரை மீன் குழம்பு வாசம் வீடு முழுக்க இருந்தது. மீன் தலையைப் பூனைக்குப் போட்டாள், நான் பார்க்கிற மாதிரிப் போட்டாள். ராத்திரியும் அதே ரசம். எனக்கும் கோபம் வந்தது. ஊரெல்லாம் ஏளனம் செய்தபோது வராத கோபம், அந்தப் பூனையைப் பார்த்தபோது வந்தது.

திங்கட்கிழமை ஒன்பதரைக்கு எழுத்தரைப் பிடித்தேன். "தாரீக் தோ நிகல் கயா, பாய்" என்றார். தேதி போய்விட்டது என்று எனக்கே சொல்கிறார். புதிதாக எழுதி அனுப்பச் சொன்னார். வெள்ளைத் தாளில் எழுதிப் படமெடுத்து அனுப்பினேன். மாலையில் அவரே கூப்பிட்டார். புதன்கிழமை, எட்டு முதல் பதினொன்று. அதற்கு முன்னால் முடியாது, கையெழுத்துப் போட வேண்டியவர் செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் ஊர் திரும்புகிறார்.

செவ்வாய் போட், புதன் அனுமதி. இதை எப்படி லாத்தாவிடம் சொல்வது என்று கொல்லைப்பக்கம் ரொம்ப நேரம் நின்றேன். சொன்னேன். "ம்" என்று மட்டும் சொன்னாள். பெட்டிகள் கட்டி வாசலில் இருந்தன. நான் படமெடுத்து அனுப்புகிறேன், கப்பலிலேயே பார்க்கலாம் என்றேன். அதற்கும் "ம்".

செவ்வாய்க்கிழமை காலையில் போட் ஹார்ன் அடித்தது. லாத்தா முறத்தை எடுத்து வைத்துக்கொண்டு அரிசியில் கல் பொறுக்க உட்கார்ந்தாள்.

"லாத்தா, போட்டு!"

"காது கேக்குது."

"போயிடு லாத்தா. சத்தியமா முழுசும் எடுத்து அனுப்புறேன்."

"அனுப்புவே. நல்லா இருக்கிற எடத்த மட்டும் வெட்டி ஒட்டி அனுப்புவே. சின்ன வயசுலயே ஃபெயில் மார்க்க மறைச்சுப் பாஸ் மார்க்க மட்டும் வாப்பாகிட்ட காட்டுனவன்தானே நீ." கல்லைப் பொறுக்கி வெளியே எறிந்தாள். "எனக்கு முழுசா பாக்கணும். செத்ததையும் பாக்கணும்."

இரண்டாவது ஹார்ன் அடித்தது. எனக்கு உட்கார முடியவில்லை. உறுதியான மெயின்லேண்ட் டிக்கெட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு மனுஷி அரிசி பொறுக்குவதை இந்தத் தீவுகளில் யாரும் பார்த்திருக்கமாட்டார்கள். டிக்கெட்டுக்காக வரிசையில் நின்று மயங்கி விழுந்தவர்கள் உண்டு. இருக்கிற டிக்கெட்டை விட்டவர்கள் கிடையாது. மூன்றாவது ஹார்ன் அடித்து போட் போய்விட்டது. அரை மணி நேரத்தில் செய்தி ஊரெல்லாம் பரவியது. டீக்கடைக்காரர் ஓடிவந்து, "டிக்கெட் சோட் தியா?" என்று மூன்று தடவை கேட்டார், டிக்கெட்டையே விட்டுவிட்டாளா என்று. லாத்தாவுக்கு உடம்பு சரியில்லை என்று நினைத்துக்கொண்டு யாரோ இளநீர் கொடுத்தனுப்பினார்கள். அதை நான் குடித்தேன். அன்று மத்தியானம் எனக்கு மீன் குழம்பு கிடைத்தது. மன்னித்துவிட்டாள் என்றில்லை, மறுநாள் வரைக்கும் நான் அவளுக்குத் தேவைப்பட்டேன்.

புதன்கிழமை ஏழரைக்கே ஜெட்டிக்குப் பக்கத்துக் கரை மேட்டுக்கு வந்துவிட்டோம். ராத்திரி போனுக்கு வந்த கடிதத்தைப் போலீஸ் சாவடியில் காட்டிவிட்டு, எட்டு மணி ஆகும்வரை உட்கார்ந்திருந்தேன். லாத்தா வாட்ச்சையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தாள். எட்டு அடித்ததும் கிளப்பினேன். கொஞ்ச உயரம் போயிருக்கும், கடற்கழுகு ஒன்று வட்டமடித்துக்கொண்டு வந்தது. கீழே இறக்கிவிட்டேன்.

"என்னடா?"

"அது போகட்டும் லாத்தா. இறக்கை மாட்டிரும்."

"அதுகிட்டயும் பர்மிஷன் வாங்கணுமா?" என்றாள். மூன்று நாளில் முதல் தடவையாகக் கேலி செய்தாள். எனக்கு உயிர் வந்தது.

கழுகு போனபிறகு மறுபடி கிளப்பினேன். டிரோன் விடுகிறவன் டிரோனைத்தான் பார்க்க வேண்டும், திரையை அல்ல. அதனால் நான் வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன், லாத்தா மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு என் தோளோடு ஒட்டி நின்று திரையைப் பார்த்தாள். அங்கே என்ன இருந்தது என்பதை நான் பார்க்கவில்லை. அவள் சொல்லித்தான் தெரியும்.

"சேறு" என்றாள். "சேறுதான் தெரியுது. இன்னும் போ." போனேன். "குச்சி. எல்லாம் செத்த குச்சி. நான்தான் சொன்னேன்ல."

எதற்கு இவ்வளவு பாடு பட்டோம், பேசாமல் கப்பலில் ஏற்றி அனுப்பியிருக்கலாமே என்று தோன்றியது. இன்னும் கொஞ்சம் உள்ளே கொண்டுபோனேன். லாத்தாவிடமிருந்து சத்தமே வரவில்லை.

"லாத்தா?"

என் சட்டைக் கையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"என்ன தெரியுது, சொல்லு."

"கோடு கோடா இருக்குடா" என்றாள். "பச்சைக் கோடு. நேரா. நாங்க நைலான் கயிறு கட்டி நட்டோம்டா, தம்பி. தானா மொளச்சது கோடு போட்டா மொளைக்கும்? இது நாங்க நட்டது. நாங்க நட்டதுதான்." பிறகு எண்ண ஆரம்பித்தாள். ஒன்று, இரண்டு, மூன்று என்று சின்னப் பிள்ளைபோலச் சத்தமாக எண்ணினாள். பதினொன்றில் நிறுத்தி, "ஜெட்டிப் பக்கம் இருந்த ரெண்டு வரிசைதான் செத்துருக்கு" என்றாள். "அலை மொத்தமும் அதுங்க மேலதான் அடிச்சிருக்கு. இத்தன வருஷமா அந்த ரெண்டயும் பாத்துட்டு எல்லாம் போச்சுன்னு அழுதுருக்கேன்."

அழுதிருக்கிறாள் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும். நானும் அழுதேன், வானத்தைப் பார்த்துக்கொண்டு அழுவது வசதியாகவே இருந்தது. பேட்டரி குறைந்ததும் இறக்கினேன். அடுத்த பேட்டரியைப் போடவா என்றேன். வேண்டாம் என்றாள். கூட நட்ட பெண்களைக் கூட்டி வரப் போய்விட்டாள். பத்து மணிக்குள் எட்டுப் பேர் என்னைச் சுற்றி நின்று, எடுத்த படத்தைப் பார்த்து, எது யார் நட்ட வரிசை என்று தமிழிலும் ஹிந்தியிலும் சண்டை போட்டார்கள்.

வெள்ளிக்கிழமை போட்டுக்கு நான் ஜெட்டிக்கு வந்தபோது லாத்தாவும் வந்தாள். கையில் பெட்டி இல்லை. செத்துப்போன இரண்டு வரிசையையும் இந்த மழைக்கே நட்டுவிட வேண்டும், முதலை இருப்பதால் வனத்துறை ஆட்களைக் கேட்டு அவர்களோடுதான் போக வேண்டும், அதற்கு ஒரு விண்ணப்பம் நீதான் எழுதித் தரணும் என்றாள். நட்டால் போதாது, அது பிடிக்கிறவரை யாராவது பார்த்துக்கொள்ள வேண்டும் என்றும் சொன்னாள். யார் அந்த யாராவது என்று நான் கேட்கவில்லை.

"மவன்கிட்ட நீயே சொல்லிடு. எனக்கு வாய் வராது" என்று சொல்லிவிட்டு, பார்க்காத மாதிரி கடலைப் பார்த்து நின்றுகொண்டாள்.

அங்கேயே நின்று சென்னைக்குப் போன் போட்டேன். அம்மா இப்போதைக்கு வரவில்லை, காரணம் என் டிரோன், திட்டுவதென்றால் என்னைத் திட்டு என்று ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். கட்டாகிவிட்டதோ என்று போனைப் பார்த்தேன்.

"மாமா" என்றான். "அம்மா பக்கத்துல இருக்காங்களா?"

"இருக்கு."

"எப்படி இருக்காங்க?"

திரும்பிப் பார்த்தேன். லாத்தா ஜெட்டியின் ஓரத்தில் நின்று, செத்த குச்சிகள் இருந்த பக்கம் கையை நீட்டி, டீக்கடைக்காரரிடம் ஏதோ காட்டிப் பேசிக்கொண்டிருந்தாள். சொன்னேன்.

"அந்தப் பக்கமா பாக்குறாங்க?" என்று கேட்டான். ஆமாம் என்றேன். "அப்ப இருக்கட்டும் மாமா. நான் லீவு போட்டு வர்றேன்."